குறியீட்டை நாங்கள் எழுதிக்கொள்கிறோம், எண்களை நீங்கள் கொடுங்கள்

மடிக்கணினி தயாரிக்கும் நிறுவனங்களின் ஒலிப் பொறியாளர்களுக்கும், கணினியைத் துவக்கும் பயாஸ் மென்பொருளை எழுதும் குழுக்களுக்கும், அவர்கள் செய்த வேலையை வெளியே விடலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் ஒருவர் செய்த மடிக்கணினியில்தான் இந்தக் கடிதத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற எல்லோரும் ‘நம்மை இல்லை’ என்று நகர்ந்துவிடுவீர்கள். இயந்திரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிய அரை மணி நேரத்தில் திரை, வைஃபை, கேமரா எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. ஒரு பாட்டைப் போட்டேன். ஒலியளவுப் பட்டை துள்ளிக் குதித்தது. ஸ்பீக்கரிலிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. ஹெட்போனைச் செருகினால் பாட்டு வருகிறது, ப்ளூடூத்தில் வருகிறது, எச்டிஎம்ஐ கம்பி வழியாக வருகிறது. ஊமை கண்ட கனவு மாதிரி, கணினிக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, வெளியே சொல்லத்தான் வாயில்லை.

சேவைப் பிரிவுக்கு எழுதினேன். விண்டோஸை மறுபடி நிறுவிப் பாருங்கள் என்றார்கள். ‘விண்டோஸில் நன்றாகக் கேட்டது, ஸ்பீக்கர் பழுதில்லை என்பது அதனால்தான் தெரியும்’ என்று பதில் போட்டேன். ‘பழுதில்லை’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு புகாரை முடித்துவைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. இதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதும் உங்கள் பொறியாளர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களில் பலர், ‘லினக்ஸுக்கு டிரைவர் எழுத ஆளும் நேரமும் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு இதை ஓரம் கட்டிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்காகத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால் நாங்கள் டிரைவரை, அதாவது சில்லை இயக்கும் மென்பொருளை, கேட்கவே இல்லை.

இன்டெல் 2004-இல் கொண்டுவந்த எச்டி ஆடியோ முறையில் விஷயம் எளிது. எண்களாக இருக்கும் ஒலியை மின்சைகையாக மாற்றும் கோடெக் சில்லு ஒன்று இருக்கும், பெரும்பாலும் ரியல்டெக் நிறுவனத்தினுடையது. அதன் எந்தக் காலில் ஸ்பீக்கர், எந்தக் காலில் மைக் என்று பயாஸ் குறித்து வைத்திருக்கும். அந்தக் குறிப்பு தப்பாக இருந்தால் லினக்ஸின் மையமான கர்னலில் அந்த மாடலின் அடையாள எண்ணைப் போட்டு ஒரு வரி சேர்ப்பார்கள், தீர்ந்தது. அப்படிச் சேர்ந்த வரிகள் ரியல்டெக் டிரைவரில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு வரிக்கும் பின்னால், வாங்கிய புதிதில் ஸ்பீக்கர் பேசாமல் தலையைப் பிய்த்துக்கொண்ட யாரோ ஒருவர் இருக்கிறார்.

பிறகு மடிக்கணினிகள் மெலிந்தன. மெல்லிய உடலுக்குள் சின்ன ஸ்பீக்கர். ஆனால் ஒலி பெரிதாக வேண்டும். அதற்காகக் கோடெக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ‘ஸ்மார்ட் ஆம்ப்’ என்ற பெருக்கிச் சில்லை வைத்தீர்கள். சிரஸ் லாஜிக்கின் சிஎஸ்35எல்41, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஏஎஸ்2781, ஆவினிக்கின் ஏடபிள்யூ88399 என்று பல வகை. கெட்டிக்காரச் சில்லுகள், அதில் சந்தேகமில்லை. மின்னழுத்தத்தை உயர்த்தி ஸ்பீக்கரை அதன் எல்லைவரை தள்ளுகின்றன. அதே சமயம் ஸ்பீக்கருக்குள் போகும் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளந்துகொண்டே இருக்கின்றன. ஸ்பீக்கர் சுருள் எவ்வளவு சூடாகியிருக்கும், கூம்பு எவ்வளவு தூரம் முன்னும் பின்னும் ஆடுகிறது என்று கணக்குப் போட்டு, அளவு மீறும்போது கடிவாளத்தை இழுக்கின்றன.

இந்தச் சில்லு தானாக விழித்துக்கொள்ளாது என்பதுதான் சிக்கலின் வேர். கோடெக்கோடு பேசும் பாதையில் அது இருப்பதில்லை. ஐ2சி அல்லது எஸ்பிஐ என்ற தனிப் பாதையில் உட்கார்ந்திருக்கிறது. யாராவது அந்தப் பாதையில் போய்த் தட்டி எழுப்பி, ஃபர்ம்வேரை (சில்லுக்குள் ஓடும் நிரலை) ஊட்டி, ‘நீ இடப்பக்கம், நீ வலப்பக்கம், உனக்கு வாய்த்த ஸ்பீக்கர் இத்தனை தாங்கும்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது தூங்கும். கோடெக் தன் வேலையைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். ஒலியளவுப் பட்டை துள்ளும். நான் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்னொரு வகை கொடுமையும் உண்டு. 4 ஸ்பீக்கர் உள்ள மாடல்களில் கீச்சு ஸ்பீக்கர் இரண்டும் பேசும், அடிநாதம் தரும் இரண்டும் தூங்கும். பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அப்படிப்பட்ட கணினி வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை என்பதே தெரியாது. லினக்ஸில் ஒலி இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முழு ஊமை எவ்வளவோ மேல், அதற்காவது தீர்வு தேடுவோம்.

சரி, எழுப்பும் டிரைவர் இல்லையா? இருக்கிறது. மேலே சொன்ன 3 சில்லுகளுக்கும் அந்தந்தச் சில்லு நிறுவனத்தின் பொறியாளர்களே டிரைவர் எழுதிக் கர்னலில் சேர்த்திருக்கிறார்கள். திறந்த குறியீடு, யாரும் படிக்கலாம். ஆக, நீங்கள் செலவு செய்து எழுத வேண்டியதாக நினைத்துக்கொண்டிருக்கும் பகுதி ஏற்கெனவே எழுதி முடிந்தது. இல்லாமலிருப்பது உங்கள் பலகையைப் பற்றிய தகவல். ஆம்ப் எத்தனை, எது எந்தப் பக்கம், அதைத் தட்டி எழுப்பும் கம்பி எது, மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று சில்லுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா, உள்ளே என்றால் அதோடு இணைந்த மின்தூண்டிச் சுருளின் மதிப்பு என்ன, மின்தேக்கியின் மதிப்பு என்ன, உச்ச மின்னோட்டம் எவ்வளவு. மொத்தமாக எழுதினால் ஒரு தாளில் கால் பக்கம் வராது.

இதைச் சொல்வதற்கென்றே ஒரு இடமும் இருக்கிறது. பயாஸ் இயங்குதளத்துக்குக் கொடுக்கும் ஏசிபிஐ அட்டவணையில் டிஎஸ்டி என்ற பகுதி. சாதனத்தின் பண்புகளைப் பெயரும் மதிப்புமாக எழுதி வைக்கலாம். சில மாடல்களில் எழுதி வைத்திருக்கிறீர்கள், அவற்றில் ஸ்பீக்கர் முதல் நாளே பேசுகிறது. பல மாடல்களில் ‘இங்கே ஒரு சிரஸ் ஆம்ப் இருக்கிறது’ என்று பெயரை மட்டும் போட்டுவிட்டு மற்றதை வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். வீட்டு எண் எழுதிய பலகை மாட்டியிருக்கிறது, கதவைத்தான் காணோம்.

விளைவு என்ன தெரியுமா? சிஎஸ்35எல்41 டிரைவரோடு, கர்னலுக்குள் தனியாக ஒரு கோப்பு வைக்க வேண்டி வந்தது. உங்கள் பயாஸ் சொல்ல மறந்ததையெல்லாம் மாடல் வாரியாக எழுதி வைக்கும் கோப்பு. ஒவ்வொரு வரியிலும் அடையாள எண், ஆம்ப் எண்ணிக்கை, இடம் வலம், சுருள், மின்தேக்கி, மின்னோட்டம். உங்கள் பலகையில் நீங்கள் பற்றவைத்த பாகங்களின் பட்டியலை நாங்கள் பராமரித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பட்டியலில் இல்லாத மாடலை வாங்கியவர்களின் கதிதான் அதிகாரபூர்வமற்ற பேட்ச், அதாவது யாரோ ஒருவர் எழுதிய, கர்னலில் முறைப்படி சேராத திருத்தம். என் கதியும் அதுதான்.

முதல் வாரம் தேடினேன். அதே மாடல் வைத்திருக்கும் யாரோ ஒருவர் ஒரு பேட்ச் செய்து வைத்திருந்தார். கர்னலின் மூலக்குறியீட்டை இறக்கி, பேட்சைப் போட்டு, கம்பைல் செய்து (ஓடும் நிரலாக்கி), இரவு முழுக்க விசிறி இரைந்தது. காலையில் பூட் செய்தால் செக்யூர் பூட் என்ற பாதுகாப்புச் சோதனை உள்ளே விடவில்லை, கையொப்பம் இல்லாத கர்னலாம். சொந்தச் சாவி உருவாக்கி, அதைப் பதிவு செய்து, அதனால் கையொப்பமிட்டு மறுபடி பூட் செய்தேன். பேசியது! நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். பிறகு ஒரு படம் பார்த்தபோதுதான் கவனித்தேன், கார் இடப்பக்கம் போகிறது, சத்தம் வலப்பக்கம் போகிறது. பேட்ச் எழுதியவர் எந்த ஆம்ப் எந்தப் பக்கம் என்று ஊகித்திருக்கிறார். ஊகம் தலைகீழாகிவிட்டது. அவர்மேல் தப்பில்லை. இரண்டு ஆம்புக்கும் உங்கள் ஏசிபிஐ அட்டவணையில் ஒரே பெயர், அதன் கீழே அடுத்தடுத்து 2 முகவரிகள். எது இடம் என்று எங்கும் எழுதவில்லை.

அதைத் திருத்தினேன். மூடியை மூடித் திறந்தால் மறுபடி ஊமை. தூக்கத்துக்குப் போகும்போது ஆம்புக்கு மின்சாரம் நின்றுவிடுகிறது, எழும்போது அது எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழுகிறது. எழுந்தவுடன் மறுபடி எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் போனது. அதன் பிறகு இரண்டு மாதம் நிம்மதி. கர்னல் 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வரும். உள் அமைப்பு மாறாது என்று கர்னல்காரர்கள் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை, கொடுக்கவும் மாட்டார்கள். அது அவர்களுடைய கொள்கை, அதற்கு நியாயமும் உண்டு. உள்ளே சேர்ந்துவிட்ட குறியீட்டை, மாற்றம் செய்பவரே கூடவே திருத்திவிடுவார். வெளியே நிற்கும் பேட்சை யார் திருத்துவது? 2025-இல் ரியல்டெக் டிரைவரின் அந்த மாபெரும் கோப்பைப் பல கோப்புகளாகப் பிரித்து வேறு அடைவுக்கு மாற்றினார்கள். நல்ல மாற்றம், எப்போதோ செய்திருக்க வேண்டியது. ஆனால் அதுவரை பொருந்திக்கொண்டிருந்த பேட்ச்கள் எல்லாம் ஒரே பதிப்பில் வீடில்லாமல் போயின.

எனக்கு ஓரளவு கம்பைல் செய்யத் தெரியும். தெரியாதவர்கள்? அறிமுகமில்லாத ஒருவர் தொகுத்த கர்னலை இறக்கி, நிர்வாகி உரிமையோடு நிறுவிக்கொள்கிறார்கள். கர்னல் என்பது கணினியில் எல்லாவற்றுக்கும் மேலான அதிகாரம் கொண்ட மென்பொருள். ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பதற்காக வீட்டுச் சாவியையே தெரியாதவர் கையில் கொடுக்கிறார்கள். சிலர் பேட்ச் பொருந்தும் பழைய கர்னலிலேயே தங்கிவிடுகிறார்கள், பாதுகாப்புத் திருத்தங்களை எல்லாம் விட்டுவிட்டு. அதை நினைத்தால்தான் எனக்கு உண்மையில் கவலை.

பேட்சே இல்லாத மாடல்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் கேளுங்கள், இது உங்கள் பொறியாளர்களுக்குப் பிடிக்கும். லினக்ஸுக்குள் ஒரு மெய்நிகர் கணினி உருவாக்கி, அதற்குள் விண்டோஸை ஓடவிட்டு, உண்மையான ஒலிச் சில்லை அதன் கையில் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் விண்டோஸ் டிரைவர் சில்லுக்கு அனுப்பும் ஒவ்வொரு கட்டளையும் வழியில் பதிவாகிறது. பிறகு அந்த எண் வரிசையை லினக்ஸிலிருந்து அப்படியே திரும்ப ஓதுகிறார்கள். சில்லு விழித்துக்கொள்கிறது. லெனோவோ லீஜியன் 7-இன் ஒரு மாடலுக்கும், சாம்சங்கின் சில மாடல்களுக்கும் கர்னலில் இருக்கும் தீர்வுகளைத் திறந்து பாருங்கள். பெரும்பகுதி விளக்கமில்லாத எண் வரிசைகள்தான். மந்திரம் மாதிரி. ஓதினால் பலிக்கிறது, அர்த்தம் கேட்காதே.

இப்போது நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன்.

ஓதும் எண் தவறினால் என்ன ஆகும்? வைஃபை டிரைவரில் தப்பு வந்தால் இணைப்பு அறுந்துபோகும், அவ்வளவுதான். இங்கே அப்படியில்லை. மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றின் மதிப்பைத் தப்பாகச் சொன்னால் பாகமே கெடலாம். பாதுகாப்பு ஃபர்ம்வேர் இல்லாமல் முழு ஒலியில் வைத்தால் ஸ்பீக்கர் சுருள் கருகலாம். என் முதல் முயற்சிகளில் ஒன்றில் ‘டப்’ என்று ஒரு சத்தம் வந்தது. ஆன்-ஆஃப் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, மறுபடி போட ஒரு நாள் தைரியம் வரவில்லை. ஒன்றும் ஆகவில்லை. அதிர்ஷ்டம் என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

இந்தப் பயம் என் ஒருவனுடையது மட்டுமில்லை. ஆப்பிளின் எம் வரிசை மேக்குகளில் லினக்ஸைக் கொண்டுவந்த அசாகி லினக்ஸ் குழுவைப் பாருங்கள். ஸ்பீக்கரை ஓடவைக்கும் வழி தெரிந்த பிறகும், பாதுகாப்பு உறுதியாகும்வரை அதைப் பயனர்களுக்குத் திறந்துவிடாமல் வைத்திருந்தார்கள். ஆம்ப் அளந்து சொல்லும் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் வைத்துச் சுருளின் சூட்டைக் கணக்கிடும் தனி நிரல் ஒன்றை ரஸ்ட் மொழியில் எழுதினார்கள். அந்த நிரல் ஓடவில்லை என்றால் கர்னலே ஒலியளவைப் பாதுகாப்பான எல்லைக்குள் பூட்டிவிடும். எந்தத் தயாரிப்பாளரும் கைகொடுக்காமல், ஸ்பீக்கர்களைத் தாங்களே அளந்து, இவ்வளவையும் செய்தார்கள். நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது, கூடவே எரிச்சலும் வருகிறது. இந்த உழைப்பு மொத்தமும், யாரோ ஏற்கெனவே அளந்து ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கும் எண்களை மறுபடி கண்டுபிடிக்கச் செலவாகிறது.

அந்தக் கோப்பு உங்களிடம் இருக்கிறது. மாடலுக்கு மாடல், ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் உங்கள் ஒலி ஆய்வகத்தில் சீர்செய்த டியூனிங் கோப்பு. ஒரு சாதாரணப் புகைப்படத்தைவிடச் சிறியது. லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பு அதை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறது. மூலக்குறியீடு வேண்டாம், பைனரியாகவே கொடுக்கலாம். ‘மாற்றாமல் பகிரலாம்’ என்ற ஒரு உரிமக் குறிப்பு மட்டும் போதும். அந்தக் குறிப்பு இல்லாததால்தான் பேட்ச் எழுதுபவர்கள் கோப்பைக் கூடவே தர முடியாமல், ‘உங்கள் வட்டின் விண்டோஸ் பகுதியிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதி வைக்கிறார்கள். விண்டோஸை முதல் நாளே அழித்தவன் நான். ஸ்பீக்கர் பேசுவதற்காக, அழித்த விண்டோஸின் டிரைவர் தொகுப்பை இறக்கி, அதைப் பிரித்துக் கோப்பைத் தேடினேன்.

‘அது எங்கள் தொழில் ரகசியம்’ என்று சொல்வீர்கள். அந்த ரகசியத்தை எந்தக் கடவுச்சொல்லும் கேட்காமல் உங்கள் தளத்திலிருந்தேதான் இறக்கினேன். ‘லினக்ஸ் பயனர்கள் குறைவு’ என்பதும் சரியே. குறைவானவர்களுக்குச் செய்ய வேண்டிய வேலையும் குறைவுதானே. ‘உத்தரவாதச் சிக்கல் வரும்’ என்றால், சரியான எண்ணைக் கொடுத்தால் வரும் சிக்கல் பெரிதா, கொடுக்காமல் எங்களை ஊகிக்க விட்டால் வரும் சிக்கல் பெரிதா என்று உங்கள் சேவைப் பிரிவையே கேளுங்கள்.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது, அதை மறைக்கவில்லை. பேட்ச் எழுதியவர்களில் பலர் அதை முறைப்படி கர்னலுக்கு அனுப்புவதில்லை. அனுப்பினால் மூன்று முறை திருப்பி அனுப்புவார்கள், பெயரிட்டுக் கையொப்பமிடச் சொல்வார்கள், இந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். ‘எங்கிருந்து வந்தது’ என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. ‘போட்டுப் பார்த்தேன், வேலை செய்தது’ என்பதை ஒரு பராமரிப்பாளர் எப்படி ஏற்பார்? அடுத்தவர் ஸ்பீக்கர் கருகினால் பொறுப்பு யாருடையது? அந்த பதிலை உங்களால் மட்டும்தான் தர முடியும். உங்கள் பொறியாளர் ஒருவர் ‘ஆம், இந்த மாடலுக்கு இந்த மதிப்பு சரி’ என்று ஒரு வரி எழுதினால், அதிகாரபூர்வமற்ற பேட்ச் அடுத்த பதிப்பிலேயே அதிகாரபூர்வமாகிவிடும்.

ஆகவே கேட்பது இதுதான். இனி வரும் மாடல்களில் டிஎஸ்டி பகுதியை நிரப்புங்கள், ஏற்கெனவே விற்றவற்றுக்கு அடுத்த பயாஸ் புதுப்பிப்பில் சேருங்கள். டியூனிங் கோப்பை, மாடல் கடைக்கு வரும் அன்றே, பகிரும் உரிமத்தோடு ஃபர்ம்வேர் தொகுப்புக்கு அனுப்புங்கள். அப்புறம், தயவுசெய்து, இரண்டு வெவ்வேறு மாடல்களுக்கு ஒரே அடையாள எண்ணை வைக்காதீர்கள். இது நடந்திருக்கிறது. ஒரு மாடலுக்காகச் சேர்த்த வரி இன்னொரு மாடலையும் பிடித்துக்கொண்டு, அதுவரை ஒழுங்காகப் பேசிய ஸ்பீக்கரைக் கெடுத்தது. அதைப் பிரித்தறியக் கர்னலில் தனி ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

யூஎஸ்பி ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வாங்கியும் வைத்திருக்கிறேன். ஆனாலும் மடிக்கணினிக்குள் நான் காசு கொடுத்து வாங்கிய இரண்டு ஸ்பீக்கர்கள் இருக்கின்றன.

என் மாடலின் அடையாள எண், ஏசிபிஐ அட்டவணையின் நகல், நான் இப்போது போட்டு ஓட்டும் மதிப்புகள் மூன்றையும் உங்கள் சேவைப் பிரிவுக்கு மறுபடி அனுப்பியிருக்கிறேன். புகாரைத் தயவுசெய்து மூடாதீர்கள். ஒலிப் பிரிவில் யாராவது ஒருவர் அந்த மதிப்புகளைப் பார்த்து, சுருளுக்கும் மின்தேக்கிக்கும் நான் வைத்திருக்கும் எண்கள் சரியா தப்பா என்று மட்டும் சொல்லட்டும். அதுவரை ஒலியளவை பாதிக்கு மேல் ஏற்றாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்